பரபாஸுக்கு நாற்பத்தாறு வயது

ஏசுநாதர் முப்பத்துமூன்று வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. பசி, தாகம், துரோகம், சவுக்கடி எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது தன்னை அறியாமல் "அம்மாடி" என்று ஒரு சத்தம் வருமே, அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். எனக்கு நாற்பத்தாறு.

மணிலாவிலிருந்து தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் புனித வெள்ளியன்று ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். கூடைப்பந்து மைதானத்தில் விசாரணை, கடைத்தெரு வழியாகச் சிலுவைப் பாதை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மரணம். அதில் இருபத்திரண்டு வருடமாக நான் பரபாஸ். கொலைகாரன், கொள்ளைக்காரன். "பண்டிகைக்காக ஒருவனை விடுதலை செய்ய வேண்டும். யாரை விடட்டும், ஏசுவையா, பரபாஸையா?" என்று பிலாத்து கேட்பார். "பரபாஸை!" என்று ஊரே கத்தும். சிப்பாய்கள் என் கட்டை அவிழ்ப்பார்கள். நான் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டு, முன்வரிசைக் குழந்தைகளை அலறவைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடி மறைய வேண்டும். மொத்த வசனமும் அந்த "ஹா"தான். அதை மெருகேற்ற எனக்கு இருபத்திரண்டு வருடம் கிடைத்தது.

ஓடியதும் நேராகக் கோவிலின் பின்பக்கம் போவேன். அங்கே அலிங் தோயாங் பெரிய அண்டாவில் வள்ளிக்கிழங்கும் சவ்வரிசியும் போட்ட தேங்காய்ப்பால் கஞ்சி வைத்திருப்பாள். இரண்டு கிண்ணம் குடிப்பேன். மீதி நாடகத்தை நான் பார்த்ததே இல்லை. ஏசு இறந்துவிட்டார் என்பதே எனக்குக் கேள்வி ஞானம்தான்.

இருபத்துமூன்று வயதில் நான் கப்பலில் போவதாக இருந்தது. படிப்பை முடித்து, சான்றிதழ் வாங்கி, பெட்டிகூட வாங்கிவிட்டேன். எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது என்று கண் டாக்டர் சொன்னார். எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த இரண்டு விளக்கை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். அடுத்து சவுதி: முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். தைவான் தொழிற்சாலை: முப்பத்தைந்துக்குள். கனடாவில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை: நாற்பதுக்குள். நான் ஒவ்வொரு விளம்பரத்தையும் அதன் வரம்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் படித்தேன். இனிக் கனடா போனால் பார்த்துக்கொள்ளப்படும் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். அதற்கும் அறுபது ஆக வேண்டுமாம். நடுவில் பதினான்கு வருடத்துக்கு உலகத்தில் எனக்கென்று ஒரு விளம்பரமும் கிடையாது.

ஆகவே சுத்திகரித்த குடிநீர் விற்கிறேன். இருபது லிட்டர் நீல ஜாடிகளில் நிரப்பி மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகப் போடுகிறேன்.

மிச்சம் இருந்தது ஏசு வேடம் ஒன்றுதான். அதற்கு வயது வரம்பு இல்லை என்பதற்குச் சாட்சி மாங் போல்டோ. மாங் என்பது பெரியவர்களுக்குப் போடும் மரியாதை, பெண்களுக்கு அலிங். சந்தையில் பன்றிக்கறி வெட்டுபவர். தவக்காலத்தில் யாரும் கறி வாங்க மாட்டார்கள். அந்த ஓய்வில் இருபத்தாறு வருடம் ஏசுவாக இருந்தார். சிலுவைப் பாதையில் மூன்று முறை விழ வேண்டும் என்பது வசனத்திலேயே உண்டு. போன வருடம் மாங் போல்டோ நான்காவது முறையும் விழுந்தார். அறுபத்துமூன்று வயது, இடுப்பு எலும்பு. அவர் விலகினால் அடுத்தது நான்தான் என்பது ஊரில் எழுதப்படாத சட்டம். எழுதப்படாததால் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நாடகத்தை நடத்துபவர் மேஸ்ட்ரா புரிங். ஓய்வு பெற்ற ஆசிரியை, ஊரில் பாதிப்பேரை முட்டிபோட வைத்தவர். தவக்காலத்தின் முதல் ஞாயிறு மைதானத்தில் கூட்டம் போட்டு, கையிலிருந்த விசிறியால் ஒரு பையனைச் சுட்டிக்காட்டினார். மார்க் கெல்வின். இருபத்துநாலு வயது. மணிலாவில் கால் சென்டரில் வேலை. தோள்வரைக்கும் சொந்த முடி. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான். அலிங் தோயாங் சிலுவை போட்டுக்கொண்டாள். அது பக்தியினால்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

"மேஸ்ட்ரா, நானும் இருக்கேன்" என்றேன்.

"நீ இருக்கேன்னு தெரியுதே டியோனி. உன்னைப் பார்க்காம இருக்க முடியுமா? வயிறு எனக்கு முன்னாடி வந்து நிக்குது."

"மாங் போல்டோ அறுபத்துமூணு வயசுல செஞ்சாரே!"

"அவரு முப்பத்தேழுல ஆரம்பிச்சாரு. ஊரு அவரோட சேர்ந்து கிழமாச்சு, அதனால தெரியல. உன்னைப் புதுசா நாப்பத்தாறுல தொடங்கி வெச்சா நேரலையில பாக்கறவன் என்ன நினைப்பான்? ஏசுவோட சித்தப்பான்னு நினைப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் முதலில் சிரிப்பவன் நான்தான். இரண்டாவதாகச் சிரித்தால் வலிக்கும்.

வீட்டில் என் மனைவி எஸ்மி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எங்கள் தகரக் கூரையில் எங்கோ ஓர் ஓட்டை. மழை பெய்தால் சரியாக அவள் தலையணையில் சொட்டும். மேலே ஏறி அடைக்கிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏறினால் ஓட்டை எதுவென்று தெரிவதில்லை; ஓட்டையைத் தேடி நடந்து புதிதாக இரண்டு போட்டதுதான் மிச்சம்.

"குடுக்கலயா?" என்றாள்.

"குடுக்கல."

"போகட்டும் விடு. பரபாஸ்னா சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்குது."

"இருபத்திரண்டு வருஷம், எஸ்மி. ஒரே ஒரு தடவை அந்தச் சிலுவையில ஏறிப் பாக்கணும். வேற எதுவும் கேக்கல. அங்கேருந்து என்ன தெரியும்னு பாக்கணும்."

"கூரைல ஏறு. அங்கேருந்தும் தெரியும்."

புனித வாரத்தின் புதன்கிழமை மதியம் ஒத்திகையில் மேஸ்ட்ராவின் போன் அடித்தது. மார்க் கெல்வின். அமெரிக்காக்காரர்களுக்குப் புனித வெள்ளி விடுமுறை இல்லையாம். அங்கே யாருக்கோ இண்டர்நெட் வரவில்லை என்பதால் எங்கள் ஊரில் ஏசுவுக்கு லீவு கிடைக்கவில்லை.

மேஸ்ட்ரா போனை வைத்தார். மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். பிலாத்தாக நடிக்கும் எங்கள் ஊர்த்தலைவர் தோரிபியோவைப் பார்த்தார். அவர் உடனே தரையைப் பார்த்தார். கைகழுவுவதில் பழக்கம் இருப்பதால் பிலாத்து வேடத்தை அவர் யாருக்கும் விட்டுத் தருவதில்லை. கடைசியில் விசிறி என் பக்கம் திரும்பியது.

"வசனம் தெரியுமா?"

"தெரியும் மேஸ்ட்ரா." முழுப் பொய். எனக்குத் தெரிந்தது "ஹா".

"அப்போ பரபாஸ் யாரு?"

ஓரமாக ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த மாங் போல்டோ கையைத் தூக்கினார். "நான் நிக்கறேன். ஓட வேணாம், நடந்தே போறேன். கஞ்சி உண்டுதானே?"

இரண்டு நாள் நான் மனிதனாக இல்லை. நாற்பது கிலோ சிலுவைக்குப் பயிற்சியாக இரண்டு ஜாடிகளை முதுகில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். இலவச வீட்டு விநியோகம் என்று நினைத்து மூன்று பேர் ஆர்டர் கொடுத்தார்கள். மார்க் கெல்வின் அளவுக்குத் தைத்த அங்கி என் தோளைத் தாண்டி இறங்கவில்லை. எஸ்மி இரண்டு பக்கமும் பிரித்து, எங்கள் ஜன்னல் திரைச்சீலையை வைத்துத் தைத்தாள். வாயில் ஊசியோடு, "கர்த்தர் இவ்வளவு பெருசா இருந்திருந்தா அஞ்சு அப்பம் யாருக்கும் மிஞ்சியிருக்காது" என்றாள். ஆனால் தையல் நெருக்கமாக, கல்யாண உடுப்புக்குப் போடுவதைப்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. வெயிலில் மைதானத்தின் சிமெண்ட் கொதித்தது. பொய்முடியும் முள்முடியும் சேர்ந்து என் தலையில் ஒரு குருவிக்கூடு. காலையிலிருந்து உபவாசம். பிலாத்தின் மேடையில் நானும் மாங் போல்டோவும் இரண்டு பக்கமும் கைகட்டப்பட்டு நின்றோம்.

நடந்ததில் முதல் தப்பு என்னுடையது. மேடைக்கு ஏறியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே இடது பக்கம் போய் நின்றன. இருபத்திரண்டு வருடமாகப் பரபாஸ் நிற்கும் இடம் அது. மாங் போல்டோவின் கால்கள் அவரை ஏசு நிற்கும் வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தின. கீழேயிருந்து மேஸ்ட்ரா விசிறியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாவம், அவருக்கும் வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிலாத்து தொண்டையைச் செருமினார். முதலில் சாலைக்குக் கல் போட்டுக் கொடுத்தது யார் என்பதை நினைவூட்டினார். பிறகு, "யாரை விடுதலை செய்யட்டும்?" என்றார்.

"பரபாஸை!"

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒவ்வொரு வருடமும் என் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடும். ஊரே என்னை விடச் சொல்கிறது! எதற்காக என்பது வேறு விஷயம். சிப்பாய் வேடத்தில் இருந்த பெங் வந்தான். மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன்; என்னைக் 'குயா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவான். அட்டைக் கவசத்தில் பேரீச்சம்பழக் கம்பெனி பெயர் தெரிந்தது. ஏழு வருடமாக அவிழ்க்கும் அதே முடிச்சை அவிழ்த்து, ஏழு வருடமாகச் சொல்வதையே காதில் சொன்னான்.

"போ குயா, கஞ்சி ஆறிடும்."

என்னிடமிருந்து "ஹா!" வந்துவிட்டது.

வந்த பிறகு என்ன செய்ய முடியும்? கால்கள் ஓடின. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்முடியோடு, நான் முன்வரிசைக் குழந்தைகளின் மேல் பாய்ந்தேன். வழக்கமாகப் பரபாஸுக்குப் பயந்து அலறும் பிள்ளைகள், ஏசுவே தங்களைத் துரத்துவதைப் பார்த்து அலறாமல் வாய் பிளந்து நின்றார்கள். ஒரு கிழவி என் அங்கியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோவிலைச் சுற்றி ஓடிப் பின்பக்கம் சேர்ந்தேன். அலிங் தோயாங் நிமிர்ந்து பார்க்காமலே கிண்ணத்தை நீட்டினாள்.

கிண்ணத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் நான் ஏசு என்பது நினைவுக்கு வந்தது.

"அலிங் தோயாங்! நான் இன்னிக்கு..."

அவள் நிமிர்ந்தாள். "கர்த்தரே" என்றாள். பிறகு உற்றுப் பார்த்து, "டியோனியா? இங்க என்னய்யா பண்றே? உன்னை அங்க அடிச்சுக்கிட்டு இருக்கணுமே!"

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திரும்பி ஓடினேன்.

அதற்குள் நாடகம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "சிலுவையில் அறையும்!" என்று கூட்டம் கத்தியதும், மாங் போல்டோ இருபத்தாறு வருடமாகச் செய்ததைச் செய்திருக்கிறார். நேராக நடந்து போய்ச் சிலுவையைத் தோளில் எடுத்துக்கொண்டார். பரபாஸின் கந்தலில், கரியைப் பூசிய முகத்தோடு. சிப்பாய்களும் சவுக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். எல்லோருக்கும் அவரவர் வேலை தெரிந்திருந்தது. யார் யாராக இருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைத்தெரு முனையில் அவரைப் பிடித்தேன். "மாங் போல்டோ, இறக்குங்க, அது என்னுது!" என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

வலியில் உதடு கோணியிருந்தது. இடுப்பு ஒருபக்கம் இழுத்தது. ஆனால் கண் இருக்கிறதே, கல்யாண வீட்டில் பாடச் சொல்லி மைக் கையில் கிடைத்தவன் கண். போன வருடம் இவரிடம் "போதும், ஓய்வெடுங்க" என்று எல்லோரும் சொன்னபோது நானும்தான் சொன்னேன். மற்ற எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் முதல் தடவை விழுந்தார். அது வசனப்படி. எழுந்தார். நாலு அடி போய் மறுபடி தள்ளாடினார். அது வசனத்தில் இல்லை.

நான் சிலுவையின் வால்பக்கத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

"எவன்டா அது?" என்றார் முன்னாலிருந்து.

"நான்தான். டியோனி."

"நீ ஏசுல்ல?"

"ஆமா."

இன்னும் பத்தடி நடந்தோம். "அப்போ நான் யாரு?" என்றார்.

"பரபாஸ்."

"ஐயையோ!" என்றார். ஆனால் சிலுவையை இறக்கவில்லை. "சரி, மெதுவாத் தள்ளு. இது தண்ணி வண்டி இல்ல."

ஒலிபெருக்கியில் மேஸ்ட்ராவின் குரல் வந்தது. நாற்பது வருடம் வகுப்பறையைச் சமாளித்தவர். "இதோ, மீட்கப்பட்ட பாவியும் மீட்பரும் ஒரே சிலுவையைச் சுமக்கிறார்கள்!" என்று அறிவித்தார். ஜனங்கள் உருகினார்கள். ஏசுவுக்கு உதவ வரும் சீமோன் வேடம் போட்டிருந்த தபால்காரர், தன் வேலையை வேறொருவர் செய்வதில் ஆட்சேபம் இல்லாதவர், நிழலில் ஒதுங்கிச் சிகரெட் பற்றவைத்தார். நான் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் விழுந்தேன். என் முழங்கால் அதற்கு நடிப்புத் தேவையில்லை என்றது.

மேட்டில் சிலுவையைக் கிடத்தினார்கள். பெங் கயிற்றோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரைக் கட்டறது?"

"நீங்க ஏறுங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மாங் போல்டோ சிலுவையைப் பார்த்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. சுமந்தாச்சுல்ல, போதும். ஏறு."

ஏறினேன். எட்டுப் பேர் கயிற்றை இழுத்தார்கள். மார்க் கெல்வினுக்கு நாலு பேர் போதுமாக இருந்திருக்கும். பாதியில் சிலுவை நின்று, "குயா, மூச்சைப் பிடி!" என்று பெங் கத்தினான், நான் மூச்சைப் பிடித்தால் என் எடை எப்படிக் குறையும் என்று கேட்க அது சமயமில்லை. ஒரு குலுக்கலோடு நிமிர்ந்து நின்றது.

கீழே ஊரே நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏழு வாக்கியங்கள் சொல்ல வேண்டும். ஒன்றுகூட நினைவில்லை.

சிலுவையடியில் கந்தலோடு முட்டிபோட்டிருந்த பாவி முணுமுணுத்தார். "'பிதாவே, இவர்களை மன்னியும்.' சொல்லுடா."

"பிதாவே, இவர்களை மன்னியும்!"

"'அம்மா, இதோ உன் மகன்.' அந்தப் பக்கம் பாரு, மாதா இடது பக்கம்."

ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்லச் சொன்னேன். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது, ஏனென்றால் அது உண்மை.

"தாகமாயிருக்கிறேன்!"

கூட்டத்தில் எங்கோ எஸ்மியின் குரல். "காலைலயே குடிச்சிட்டுப் போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

ஊருக்கே தண்ணீர் விற்பவனுக்குத் தாகம். புனித வெள்ளியில் சிரிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அடக்க முடியவில்லை. மாதா வேடத்தில் இருந்தவள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். தூரத்தில் இருந்தவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரிந்திருக்கும். மேஸ்ட்ராவின் விசிறி அசையாமல் நின்றது. நான் அவசரமாக மீதியைச் சொல்லி முடித்து உயிரை விட்டேன்.

கூட்டம் மண்டியிட்டது. சத்தமே இல்லை. காற்று அடித்தது.

"டியோனி" என்று கீழேயிருந்து மெல்ல ஒரு குரல்.

"ம்?"

"மேலேருந்து என்னடா தெரியுது?"

"உங்களுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம்!"

"உயரம்னா எனக்குப் பயம்டா. ஏத்தினதும் கண்ணை மூடிக்குவேன். எல்லாரும் பக்தின்னு நினைச்சாங்க. சொல்லு, என்ன தெரியுது?"

பார்த்தேன். "பள்ளிக்கூடம். சந்தை. எங்க வீட்டுக் கூரை. மாங், அந்த ஓட்டை தெரியுது! புகைபோக்கிக்குப் பக்கத்துல, மூணாவது தகரம். நான் ஏறித் தேடின இடத்துல இல்லவே இல்ல."

"அப்புறம்?"

"கடல்."

"கடல் தெரியுமா இங்கேருந்து?" அவர் அண்ணாந்து பார்த்தார். "அடப்பாவி. கடலெல்லாம் தெரியுமா!"

"கப்பல் ஒண்ணு போகுது. பெருசு."

"என்ன கலர்?"

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். "சிவப்பு. இல்லேன்னா பச்சை."

"சரி சரி" என்றார் மாங் போல்டோ. "தலையைத் தொங்கப் போடு. நீ செத்து ரெண்டு நிமிஷம் ஆச்சு."

தலையைத் தொங்கப் போட்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை.